மூன்றாவது வரிசைச் சிரிப்பு

அவருக்கு உத்தியோகம் சிரிப்பது. நம்பமாட்டீர்கள், தெரியும். அவருக்குப் பெண் கொடுத்த மாமனாரே கடைசிவரை நம்பவில்லை. நாட்டு நடப்பைக் கிண்டலடித்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேட்டி காணும் ஒரு டிவி நிகழ்ச்சி. ஒளிபரப்பு நள்ளிரவில், படம் பிடிப்பது என்னவோ பட்டப்பகலில். பார்க்க வருகிற சனம், முதலில் வேறு யாராவது சிரிக்கட்டும் என்று உம்மென்று உட்கார்ந்திருக்கும். தொகுப்பாளர் டையைத் தொட்டதும் மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து இவர் 'ஹஹ்ஹஹா' என்று எடுத்துக் கொடுப்பார். உடனே அரங்கமே பிடித்துக்கொள்ளும். அங்கே எல்லோருக்கும் அவர் சிரிப்பண்ணன்.

வீட்டில் கதை வேறு. மனுஷனுக்கு நிஜமாகச் சிரிப்பு வந்தால் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், மூச்சு விடத் திண்டாடுவார். "ஊருக்கு ஒரு சிரிப்பு, நமக்கு ஒரு சிரிப்பு" என்பாள் மனைவி. மகளோ சின்ன வயதில் அந்தத் தொழில் சிரிப்பை அச்சு அசலாகச் சிரித்துக் காட்டி வீட்டையே இரண்டாக்குவாள்.

அந்த மகள் வளர்ந்து பத்திரிகை நிருபரானாள். குழாய்த் தண்ணீர் கெட்டுப்போய்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதை எழுதினாள். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அப்போதுதான் நிகழ்ச்சியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அவள் யார் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அன்று காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றாள்.

"அப்பா, சிரிப்பு வராத பேச்சையெல்லாம் வெட்டிடுவாங்களாமே?"

"ஆமாம்மா. அங்க எப்பவும் நடக்கறதுதான்."

"எனக்குத் தமாஷா பேச வராதுப்பா. எவ்வளவு சொதப்பினாலும் நீங்க சிரிச்சிடுங்க. தண்ணி விஷயம் டிவில வந்தாகணும்."

பொய்யாக ஒரு வார்த்தை எழுதமாட்டேன் என்று ஆசிரியரிடமே மல்லுக்கு நிற்கிற பெண், தன்னிடம் பொய்ச் சிரிப்பு கேட்கிறாளே என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீ பேசு. மத்தது என் பொறுப்பு" என்றார்.

மேடையில் அவள் எடுத்ததும் நோயாளிப் பிள்ளைகளின் கணக்கை அடுக்கினாள். அதற்கு எந்த மனுஷன் சிரிப்பான்? படப்பிடிப்பை மேய்க்கிற ஃப்ளோர் மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி சுத்தம்னு அதிகாரி சொல்றாரே, அவரைப் பார்த்தீங்களா?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"பார்த்தேன் சார். அதே குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர்ல பிடிச்சு நீட்டினேன். 'முதல்ல நீங்க குடிங்கம்மா'ன்னார். சின்ன வயசுல கசப்பு மருந்துக்கு எங்கப்பாகிட்ட நானும் இதேதான் சொல்வேன். அந்த அப்பாவி மனுஷன் மடக்குனு குடிப்பார். 'எனக்குச் சரியாப் போச்சுப்பா'ன்னு நான் ஓடிடுவேன்."

"அப்புறம்?"

"எங்கப்பா பொண்ணுதானே நான்? மடக்குனு குடிச்சேன். அதிகாரி 'மீட்டிங் இருக்கு'ன்னு ஓடிட்டார். நான் அன்னிக்கே ஆஸ்பத்திரில போய்ப் படுத்தேன்."

தொகுப்பாளர் டையைத் தொட்டார். சத்தமில்லை. மறுபடி தொட்டார். ம்ஹூம். ஆஸ்பத்திரி என்று கேட்ட சனம், சிரிக்கலாமா கூடாதா என்று விழித்தது. சிரிப்பண்ணன் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அந்த மருந்தை அவர் குடித்தது ஒரு தடவையா, இரண்டு தடவையா? கசப்பு நாக்குக்கே வந்துவிட்டது. தோள் குலுங்குகிறது, கண்ணில் தாரை தாரையாகக் கொட்டுகிறது, சத்தம் மட்டும் வந்து தொலையமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் உழைத்த தொண்டை, பெற்ற பிள்ளையைக் கைவிட்டுவிட்டதே என்று உள்ளுக்குள் பதறினார். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய், "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அதில் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

மகள் பார்த்துவிட்டாள். அந்தத் தோள் அவளுக்குத் தெரியாதா? அதுவரை விறைப்பாக இருந்த முகம் இளகியது. தலையைப் பின்னால் சாய்த்து, அப்பாவின் தொழில் சிரிப்பை அவளே எடுத்துக் கொடுத்தாள். 'ஹஹ்ஹஹா'. நிகழ்ச்சி ஆரம்பித்ததிலிருந்து சனம் எந்தச் சிரிப்பைத் தொடர்ந்து வந்ததோ, அதே சிரிப்பு. அரங்கமே பிடித்துக்கொண்டது. ஓய வெகுநேரம் ஆனது.

"இதுல ஒரு வரியும் வெட்டாதீங்க" என்று ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் சொல்வது மூன்றாவது வரிசைவரை கேட்டது. பிறகு அவர் இறங்கி வந்து, "என்னண்ணே, முக்கியமான நேரத்துல உங்க சத்தமே காணோம்?" என்றார்.

சிரிப்பண்ணன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க தம்பி. நிஜமாவே சிரிச்சுட்டேன்."