எஸ்தர் அக்கா வேனின் பின் சீட்டு

செய்தி வந்தபோது அமெரிக்காவில் நம் பிஸ்கட்டவே ஊர்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்கு எடுத்தால் பதினொன்றில் கால்குலஸைப் பிடிக்கலாம் என்று இரண்டு அப்பாக்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே எஸ்தர் அக்காவின் கணவர் தாமஸ் அண்ணன் ஒரு வரி போட்டார்: "எஸ்தர் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்." குழு அப்படியே அடங்கிவிட்டது. அக்கா உயிரோடு இருந்தவரை எவ்வளவு சொல்லியும் அடங்காத கூட்டம் அது. இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையங்கோட்டைக்காரர். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கவுன்சிலராக இருந்தவர். பிள்ளைகள் எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழி சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை கூடியது. அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் குளிர்காலத்தில் நாங்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டார். "வாங்க, காய்கறி வாங்கிட்டு வந்துருவோம்" என்று தன் பழைய வேனில் ஏற்றிக்கொள்வார். பிள்ளை முன் சீட்டில், பெற்றவர்கள் பின் சீட்டில். கடை போய்ச் சேரும்வரை பின்னால் இருப்பவர்கள் பேசக் கூடாது. "பின் சீட்டுக்கு வாய் கிடையாது" என்பது அந்த வேனின் சட்டம். கடை என்னவோ பக்கத்தில்தான். அக்கா ஊரைச் சுற்றித்தான் போவார்.

நான் அந்தப் பின் சீட்டுக்கு வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. எங்கள் தெருவில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர். ஒரே காரில் மாற்றி மாற்றி டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவோம். ஐந்து பேரும் ஒரே பாடம் எடுத்தால் வண்டி ஓட்டும் நமக்குச் சௌகரியம் என்று பெற்றோர்கள் கூடி முடிவெடுத்தோம். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்களை ஏ.பி. என்பார்கள். அதில் ஐந்தை ஐந்து பேருக்கும் ஒன்றுபோல் எழுதிக்கொண்டு, பெருமையாக அக்காவிடம் போனேன். என் மூத்தவள் யாழினி பின்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "என்ன தம்பி, ஒரே துணிய வெட்டி அஞ்சு பிள்ளைக்கும் கிறிஸ்மஸ் சட்டை தச்ச மாதிரில்லா இருக்கு! அப்ளிகேஷன் படிக்கவன் இதுல யாரு உங்க பிள்ளைன்னு எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்றார்.

"இல்லீங்க்கா, இவ ஆட்டோ ஷாப் எடுக்கறேங்கறா. கார் ரிப்பேருங்க. அதுக்குங்களா நாம அமெரிக்கா வந்தோம்?"

"வண்டில ஏறுங்க" என்றார் அக்கா.

வேன் கிளம்பியது. அக்கா பாடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பாடு, சிநேகிதிகள், ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் பையன் என்று ஏதேதோ கேட்டார். வீட்டில் என் கேள்விகளுக்கெல்லாம் "ஃபைன்" என்ற ஒற்றைச் சொல்லோடு கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், சாலையைப் பார்த்தபடி பொரிந்து தள்ளினாள். எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது காதைத் தீட்டிக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, யுவர் பிரேக் பேட்ஸ் ஆர் ஆல்மோஸ்ட் கான்."

"அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?"

சத்தத்திலேயே தெரிகிறது, கார் பழுது பார்க்கும் வீடியோக்களை நிறையப் பார்ப்பேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அப்புறம் குரல் இறங்கியது. "இட்ஸ் ஓகே ஆன்ட்டி. அப்பா ஆல்ரெடி டிசைடட்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். பேச அனுமதி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கடையில் யாழினியை மாங்காய் பார்க்க அனுப்பிவிட்டு, முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்: "கஷ்டமான பாடம் எடுத்திருக்காளான்னு காலேஜ்காரன் பாப்பான். நெசந்தான். அதுக்காக இருக்க கஷ்டத்த எல்லாம் இழுத்துப் போட்டுக்கச் சொல்லல தம்பி. இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், ஹிஸ்டரி, ஒரு பாஷை, இத எந்த வருசமும் விட்டுரப்படாது. அவளுக்குப் பிடிச்ச கணக்குலயும் பிசிக்ஸ்லயும் ஏ.பி. எடுக்கட்டும். மத்ததுல பிள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும். அஞ்சையும் எடுத்து, தூங்காம, அஞ்சுலயும் பி கிரேடு வாங்கிட்டு நின்னா யாருக்கு என்ன லாபம்?"

"ஆனா ஆட்டோ ஷாப்புங்க்கா..."

"அந்த பிரேக் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்க."

"எனக்கும் கேக்கல. தெனமும் நாந்தான ஓட்டுதேன்!" என்று சிரித்தார். கூடவே, "காலேஜுக்குப் போகப் போறது அவ. நீங்கதான் படிச்சு முடிச்சாச்சே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது நான் பின் சீட்டிலிருந்து பேச அனுமதி கேட்டேன். "ஒரு வார்த்தைதான்" என்றார் அக்கா. "எடுத்துக்கோ கண்ணு" என்றேன். யாழினி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. மறுநாள் அக்காவின் வேன் பட்டறைக்குப் போனது. பேட் தேய்ந்து தகடாகியிருந்ததாம்.

அதனால் பெரிய பெயருள்ள கல்லூரி கிடைத்துவிட்டதா என்று குழுவில் கேட்பீர்கள். இல்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகம்தான், மெக்கானிக்கல். விண்ணப்பக் கட்டுரையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளைப் பற்றி எழுதியிருந்தாள். படித்துவிட்டு அக்கா, "இப்போ இது யாரு பிள்ளைன்னு தெரியுது" என்றார். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் முதலில் என் காரின் பானெட்டைத் திறக்கிறாள், பிறகுதான் ஃப்ரிட்ஜை. எனக்கு அது போதும்.

ஏன் அக்கா இதற்கு வேன் என்று ஒருமுறை கேட்டேன். "மொகத்தப் பாத்து ஒக்காந்தா பிள்ளைக வாயத் தொறக்காது தம்பி. ரோட்டப் பாத்தாத்தான் தொறக்கும். பெத்தவங்க பின்னால இருந்தா மொகமும் தெரியாது, முறைக்கதும் தெரியாது" என்றார். இத்தனை வருட வேலையில் அவர் கண்டது அதுதான் போலும்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தோம். தாமஸ் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேன யாழினிட்ட ஒருதரம் காட்டணும், ஏதோ சத்தம் வருது" என்றார். அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினேன். யாழினிதான் எங்கள் காரை ஓட்டி வந்திருந்தாள். நான் என்னையறியாமல் பின் கதவைத் திறந்து ஏறினேன். பத்தாம் வகுப்பில் இருக்கும் இளையவள் கயல் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அடுத்த வாரம் அவள் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் சோறு தின்பவன் நான். அவளுக்கு என்னென்ன பாடம் என்று மனதுக்குள் எப்போதோ முடிவுசெய்துவிட்டேன்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கயல் சாலையைப் பார்த்துக்கொண்டே யாழினியிடம் மெதுவாகச் சொன்னாள், ஆங்கிலத்தில்: "எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்கவே இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

நான் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தேன். யாழினி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

எஸ்தர் அக்கா, நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தப் பின் சீட்டுதான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். எனக்கு அனுமதி உள்ள ஒரு வார்த்தையை மட்டும் சொன்னேன்.

"வீட்டுக்குச் சுத்தியே போ கண்ணு."