என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மெல்பர்ன் கிளென் வேவர்லியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மூன்று மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனோம். அங்கே உள்ள பால் பதனிடும் ஆலையில் என் கணவருக்கு வேலை கிடைத்திருந்தது. எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. அந்த ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச். அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. அதற்குக் காரணமும் உண்டு. சென்னையில் இருந்தபோது, தாம்பரம் பக்கம் பைக்கில் வந்த இரண்டு பேர் என் நாத்தனாரின் செயினைப் பறிக்கப் பார்த்து, அவரையும் சேர்த்து ரோட்டில் இழுத்துக்கொண்டே போனார்கள். அவர் பிழைத்ததே பெரிய விஷயம். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே கிளம்பினாலே என் கை தானாகப் போய்த் தாலிச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனோம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு பெரியவர் வந்து எங்கள் பக்கத்தில் நின்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் நகரவே இல்லை. அது அவருடைய இடம் என்று எங்களுக்குப் புரிய நேரமாயிற்று. எழுந்து பின்னால் போனோம். போதகர் ஒரு பெண்மணி. மாட்டுப் பண்ணையிலிருந்து நேராக ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார். அவருடைய நாய் பிரசங்கம் முடியும்வரை மேடையிலேயே தூங்கியது. ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து வீட்டுச் சமாச்சாரங்களைச் சொன்னார்கள். ஒருவர் பசு கன்று போட்டது என்றார், இன்னொருவர் முழங்கால் வலி என்றார். அடுத்த வாரம் போனால், எங்கள் வீட்டு ஹீட்டர் கெட்டுப்போனது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது! யார் சொன்னது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் கைப்பைகளை இருக்கையிலேயே போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். நான் மட்டும் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நிற்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு தமிழ் முகம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி. ஆசையாகப் போய், “நீங்க தமிழா?” என்று கேட்டேன்.

“ஓம், தமிழ்தான்” என்றார், ரகசியம் சொல்வதுபோல. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இலங்கைக்காரர், பேக்கரியில் வேலை செய்கிறார் என்பதையே போதகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் பாட்டுப் பாட மாட்டார். ஆஸ்திரேலியாவின் கொளுத்துகிற ஜனவரி வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டியிருப்பார். இருக்கை வரிசைகளுக்கு நடுவே உள்ள வழிக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்க்க வசதியான இடத்தில் உட்காருவார். திருவிருந்தில் சின்னக் கிளாஸில் திராட்சரசம் குடிப்பேன். தலையை நிமிர்த்தினால் அவர் கண்கள் என் கழுத்தில் இருக்கும். தேநீர் குடிக்கும்போதும் அப்படித்தான். பேச வர மாட்டார், பார்வையை மட்டும் எடுக்க மாட்டார்.

ஒருநாள் கிட்டே வந்தார். “தங்கச்சி, உந்தச் சங்கிலி கழுத்தை இறுக்கேல்லையோ? வீட்டில கழட்டி வைக்கிறனீங்களோ?” என்று அதே ரகசியக் குரலில் கேட்டார்.

காரில் ஏறியதும் கணவரிடம் கொட்டினேன். “செயினை எங்க வைப்பேன்னு விசாரிக்கிறாங்க. இது நல்லதுக்கில்ல.”

“எல்லாரையும் சந்தேகப்பட்டா இந்த ஊர்ல எப்படிடி இருக்கிறது?” என்று சிரித்தார் அவர்.

அடுத்த வாரத்திலிருந்து கழுத்து மூடிய சட்டையாகப் போட ஆரம்பித்தேன். அந்தப் பெண்மணியின் முகம் அதைப் பார்த்து வாடியது. அதுவும் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

பிறகு ஒரு ஞாயிறு, சர்ச் ஹாலின் சமையலறையில் நான் தனியாகக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நேராக என்னிடம் வந்து, என் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தில் கை வைத்தார்.

“கையை எடுங்க!” என்று கத்திவிட்டேன். கோப்பை விழுந்து உடைந்தது. இரண்டு கைகளாலும் செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். போதகரும் என் கணவரும் ஓடி வந்தார்கள்.

அந்தப் பெண்மணி தன் ஸ்கார்ஃபை அவிழ்த்தார். அவர் கழுத்தின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, ஒரு நீளமான தழும்பு.

“எனக்கும் உப்பிடித்தான் துடங்கினது. நான் டொக்டரிட்டப் பிந்தித்தான் போனனான். ஒப்பரேஷனோட குரலும் போயிட்டுது” என்றார். அவரால் அவ்வளவு சத்தம்தான் எழுப்ப முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “நீங்கள் தேத்தண்ணி விழுங்கேக்க கழுத்தில ஒண்டு மேலயும் கீழயும் போய் வருது. சங்கிலி மறைக்கிறதால வடிவாத் தெரியேல்லை. நான் டொக்டர் இல்லை, தங்கச்சி. பிழையெண்டால் கோவிக்காதேங்கோ. ஒருக்காப் போய்க் காட்டுங்கோ.”

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் கதை சொல்கிறார் என்று ஒரு மனம் சொன்னது. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்.

“செயினைக் கழட்டிட்டுக் குடி.”

குடித்தேன். அவர் குனிந்து என் கழுத்தைப் பார்த்தார்.

“இன்னொரு வாய் குடி.”

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகு எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

தைராய்டில் கட்டி. டாக்டர், ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சோதனை என்று எல்லாம் வரிசையாக நடந்தது. புற்றுநோய்தான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை, நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார் மெல்பர்ன் மருத்துவர். எனக்கு வலி இல்லை, எந்தத் தொந்தரவும் இல்லை. நானாக டாக்டரிடம் போயிருக்கவே மாட்டேன்.

ஆபரேஷன் அன்று, பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு அவரும் எங்களோடு காரில் வந்தார். மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும், கணவருக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“தண்ணி” என்றேன்.

என் கணவர் டம்ளரைத் தேடினார். அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. “குரல் இருக்கு... குரல் அப்பிடியே இருக்கு” என்று கணவரின் கையைப் பிடித்துச் சொன்னார்.

உடம்பு தேறிய பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். “ஏன் அக்கா முதல்லயே சொல்லல?”

“சொன்னால் பயந்திடுவியள் எண்டு பயம். சொல்லாமல் விடவும் பயம். ஒவ்வொரு கிழமையும் இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் வாறனான். கிட்ட வந்தால் நீங்கள் சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு தள்ளிப் போவியள்.”

குத்திக்காட்டும் தொனி அதில் துளிகூட இல்லை. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்போது தினமும் காலையில் ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை, அவ்வளவுதான். நோயைக்கூட நான் சில நாட்கள் மறந்துவிடுகிறேன். ஆனால், தன்னைத் திருடி என்று நினைக்கிறவளின் உயிருக்காக வாராவாரம் அவள் கண் முன்னால் வந்து உட்கார ஒருவருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பதை நினைக்காமல், என்னால் இன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடக்க முடிவதில்லை.