அரைச் சுற்று

விமான இறக்கையின் நுனியில் ரசமட்டத்தை வைத்துச் சாய்வு எத்தனை டிகிரி என்று படித்த கைகள், அதே இடத்தில் அதை முனை மாற்றி வைத்து மறுபடி படிக்கின்றன. "நேரா ஒண்ணு, திருப்பினா ஒண்ணு சொன்னா, கோளாறு இறக்கையில இல்ல, மட்டத்துல." விரலிடுக்கில் தையல் மெஷின் எண்ணெய். தெருவுக்கு அவர் மெஷின்காரம்மா.

தையல் மெஷின் பழுதுபார்க்கும் தன் கடைக்கு வருகிறவர்களையும் அப்படித்தான் திருப்புவார். "நூல் அறுந்துடுச்சா? சரி, இப்ப கடைசியிலேருந்து சொல்லுங்க." பின்னாலிருந்து சொல்லும்போது, பிள்ளை மெஷின் சக்கரத்தைச் சுழற்றி விளையாடிய சங்கதி தானாக வெளியே வந்துவிடும்.

இரண்டு பேர் உட்காரும் அந்த விமானத்தை அவரும் கணவரும் ஆறு வருடம் கார் ஷெட்டில் கட்டினார்கள். ஓட்டுவது கணவர். போன வாரம் நல்ல உயரத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது இடது இறக்கை பொத்தென்று சரிந்தது. இறங்கி வந்து சொன்னார்; கடைசியிலிருந்து திருப்பியும் சொன்னார். இரண்டு தடவையும் இடதுதான். மெஷின்காரம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றார்.

இறக்கை உடலோடு சேரும் அடியைவிட நுனி, முன்விளிம்பு சற்றுத் தாழ முறுகியிருக்க வேண்டும். வேகம் குறையும்போது நுனி கடைசிவரை காற்றைப் பிடித்திருப்பது அதனால்தான். வலப்பக்கம் அந்த முறுக்கு இரண்டரை டிகிரி. இடப்பக்கம் ஒன்றே முக்கால்.

"முக்கால் டிகிரிதானே! சமாளிச்சுக்கறேன்."

"தரைக்குப் பக்கத்துல சரிஞ்சா எதை வச்சு சமாளிப்பீங்க? வாயை வச்சா?"

இடது இறக்கையைத் தாங்கும் பின்கம்பியின் மரைமுனையை அரை அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும். இல்லாவிட்டால் போல்ட் துளை நேர்ப்படாது. மரை வெளியே வர வர கம்பி நீண்டு, இறக்கையின் பின்விளிம்பு உயர்ந்து, முறுக்கு கூடும். அரைச் சுற்று வெளியே. போல்ட். மட்டம். திருப்பி மட்டம். போதவில்லை. மூன்றாவது அரைச் சுற்றில் இரண்டரை வந்தது.

கம்பியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஊசி நுழைந்தால், மரை அளவுக்கு மீறி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மொக்கையான தையல் ஊசியால் குத்திப் பார்த்தார். முட்டியது.

"நீங்களும் குத்திப் பாருங்க."

"நீ பார்த்தா போதாதா?"

"மேல போறது யாரு?"

குத்தினார். முட்டியது.

போல்ட் கழலாமலிருக்கப் பூட்டுக்கம்பி முறுக்கிவிட்டு, கையைத் துடைத்து, விமானத்தின் சாவியை நீட்டினார். கணவர் பிடித்தார், இவர் விடவில்லை.

"என்ன பண்ணப் போறீங்க?"

"மேல ஏறுவேன். மெதுவாக்கிப் பார்ப்பேன். எறங்குவேன்."

"கடைசியிலேருந்து."

கணவர் பெருமூச்சு விட்டார். "உன் கையில சாவியக் குடுப்பேன். அதுக்கு முன்னாடி..."

மெஷின்காரம்மா விரல்களை விட்டார்.