வெள்ளிக்கிழமைக் கீறல்கள்

மலேசியாவில், கிள்ளானில் பேக்டரி வேலைக்குப் போகும் நான், நான்கு வயது மகள் கவிதாவைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விடுவேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இடுப்பில் கீறல்களோடு அழுதபடி வருவாள். ஆன்டி கிள்ளுகிறாரோ? ஒரு வெள்ளியன்று அரைநாள் லீவு போட்டு, சொல்லாமல் போய் நின்றேன்.

உள்ளே பூஜை மணி, சாம்பிராணிப் புகை. மூலையில் கவிதா காதைப் பொத்தி அலறினாள், இடுப்பைப் பிறாண்டினாள்.

“நான் தொடவே இல்ல லா. மணியடிச்சாலே இப்படித்தான் கத்துறா,” என்றார் ஆன்டி.

நான் நம்பவில்லை. அவளை வெளியே தூக்கி வந்து பட்டுப்பாவாடையை அவிழ்த்தேன். அழுகை அடங்கியது. உள்பக்க ஜரிகை என் விரலையே குத்தியது. சத்தம், புகை, ஜரிகை எல்லாம் சேர்ந்தால் அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே என்று அதைக் கட்டிவிட்டது நான்.

இப்போது பழைய பருத்திக் கவுன்தான், ஆன்டியும் மணியடிப்பதில்லை. பிள்ளை அழுதால் முதலில் சத்தம், வாசனை, துணியைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகே மனிதர்கள்மேல் சந்தேகம். அதிலும் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் நான்தான்.