நனையக் கூடாத முதுகு

ராஜபாளையத்தில் கட்டுத்துணி நெய்யும் ஆலையில் எனக்கு வேலை. போன வருடம் கீழ்த்தாடையில் பல் விழுந்த இடத்துக்கு உலோகத்தில் செய்த பல் வரிசை ஒன்றைக் கழற்ற முடியாதபடி ஒட்டிப் பொருத்திக்கொண்டேன். கொஞ்ச நாளில் வாய் எரியத் தொடங்கியது. ஈறு சிவந்தது, உதடு தோலுரிந்தது. ரசம் ஊற்றிய சோறுகூட இறங்கவில்லை. கஞ்சியில் காலம் ஓடியது. பழகிவிடும் என்றே சொல்லிவந்த பல் டாக்டர் ஒருநாள், “வாட்ச் கட்டினா கையில அரிப்பு வருமா?” என்று கேட்டார். வரும். அதனாலேயே நான் கட்டுவதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். பல் செய்யப் பயன்படும் உலோகம், பசை, பிளாஸ்டிக் ஒவ்வொன்றிலும் துளி எடுத்துச் சின்னத் தகடுகளில் வைத்து, பிளாஸ்திரியோடு என் முதுகில் ஒட்டினார்கள். பக்கத்தில் பேனாவால் எண் எழுதினார்கள். எது உடம்புக்கு ஆகாதோ அந்த இடம் சிவக்குமாம்.

“ரெண்டு நாளைக்கு முதுகுல சொட்டுத் தண்ணி படக் கூடாது. நனைஞ்சா எல்லாம் வீண்” என்றார் டாக்டரம்மா.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் சொந்த ஊர் மம்சாபுரத்திலிருந்து போன் வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், நெஞ்சு வலியில் போய்விட்டார். கூட்டத்தில் பேச வாய் வராத எனக்காகச் சின்ன வயதிலிருந்தே பேசியவர் அவர்தான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவர்தான் பேசினார்.

எங்கள் பக்கம் பங்காளிகள் நீர்மாலை எடுக்க வேண்டும். தலையோடு குளித்து, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். பம்புசெட்டில் எல்லோரும் சட்டையைக் கழற்றினார்கள். சித்தப்பா அதட்டிய பிறகுதான் நான் கழற்றினேன்.

“என்னலே இது, முதுகுல காலண்டர ஒட்டிட்டு வந்திருக்க?”

“பல்லுக்கு டெஸ்ட்டு, சித்தப்பா.”

“பல்லு முன்னாலல்ல இருக்கு?” என்றான் ஒரு பங்காளி. இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

தண்ணீர் படக் கூடாது என்று முணுமுணுத்தேன். சித்தப்பா என் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

“அப்பம் செத்த ஒதுங்கி நில்லுலே. நாங்க எடுத்துக்கிடுதோம். ஒங்கண்ணன் ஒண்ணும் கோவிக்க மாட்டான்.”

கோபிக்க மாட்டார். அது எனக்கும் தெரியும். ஒதுங்கி நின்றால் மறுநாளே வாய் எரிவதற்குக் காரணம் தெரிந்துவிடும். எல்லோரும் நனைந்தார்கள், குடங்கள் நிறைந்தன. நான் போய்த் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தேன். பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கியது. கேலி செய்த பங்காளி மீதியை மெதுவாக உரித்து எடுத்துவிட்டு, என் தோளில் குடத்தை ஏற்றினான்.

மறுநாள் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா திட்டவில்லை. முதுகில் ஒரு இடம் சிவந்திருந்தது. அதுதான் ஆகாததா என்று ஆசையோடு கேட்டேன்.

“பிளாஸ்திரி இழுத்தாலும் செவக்கும். இத நம்பி நான் எழுதினா, பல் டாக்டரு ஒங்க பல் வரிசைய அறுத்து எடுத்துருவாரு. தப்பாப் போச்சுன்னா? தோல் ஆறட்டும். திரும்ப ஒட்டுவோம்.”

பதினாறாம் நாள் காரியத்தில் மதினி எனக்கு மட்டும் சோற்றைக் குழைய வடித்து, பால் ஊற்றி வைத்திருந்தார்கள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“பம்புசெட்டுல நடந்தத இப்பத்தான் சொன்னாக. வாய் இம்புட்டுப் புண்ணா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன தம்பி? ஒனக்காகச் சொல்லுததுக்கு இனி அவியளும் இல்ல.”

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

தோல் ஆறியதும் மறுபடி ஒட்டினார்கள். இந்தத் தடவை நனையவில்லை. நிக்கல் இருந்த இடம் தடித்துச் சிவந்தது. மற்ற இடங்கள் சும்மா இருந்தன. பல் வரிசையை அறுத்து எடுத்தார்கள். எரிச்சல் மெல்ல அடங்கிவருகிறது. வேறு உலோகத்தில் புதிதாகச் செய்யப் போகிறார்கள். அந்த உலோகத்திலும் ஒரு துண்டை முதலில் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை ஒட்டுகிறார்கள். இரண்டு நாளைக்கு என் முதுகு நனையக் கூடாது என்று ஆலைக்கும் மம்சாபுரத்துக்கும் நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.