பச்சையம்மாளின் ஒயர்க்கூடை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பச்சையம்மாளோடு நடந்த முதல் பேச்சு ரெஜினாவுக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"நீதான் சவரிமுத்து சார் பொண்ணா?"

"ஆமாங்க."

"மலைப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வர்ற டீச்சரு?"

"ஆமாங்க."

"வேற எதுனா பேசுவியா, இல்ல ஆமாங்க மட்டுந்தானா?"

அதற்கும் 'ஆமாங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரெஜினா அதை விழுங்கிவிட்டு, பெஞ்சின் மேல் இருந்த ஒயர்க்கூடையைப் பார்த்தாள். பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய கூடை. வாய்வரை அடைத்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது.

"இன்னா பாக்குற? கேளேன்."

"இதுல என்னங்க இருக்கு?"

"இன்னா இல்லன்னு கேளு, சீக்கிரம் சொல்லி முடிச்சிடலாம்."

டீக்கடை தெய்வசிகாமணி கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே குரல் கொடுத்தார். "அந்தக் கூடையப் பத்தி மட்டும் கேக்காத பாப்பா, பஸ்ஸ உட்டுடுவ. இன்னா பச்சையம்மா, மலைக்குப் போறியா, காசிக்குப் போறியா?"

"நீ போடுற டீயக் குடிச்சா காசிக்கு இன்னா, அதுக்கும் மேலயே போயிடலாம்யா."

சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மூடி போட்ட அலுமினியத் தூக்குச்சட்டி. அதற்குள் அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு பொட்டலம் உப்பு. பிளாஸ்டிக் தாளில் சுற்றி மெழுகு ஊற்றிய தீப்பெட்டி. மருந்துப் புட்டி ஒன்றில் கற்பூரம். அரிவாள்மணையிலிருந்து கழன்ற அலகு, துணி சுற்றி. ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு முழம் மாட்டுக்கயிறு, நாலைந்து தேத்தாங்கொட்டை.

"இது தண்ணியத் தெளிய வெக்க. ஆனா ஒண்ணு, தெளிஞ்சா அழகு. கொதிச்சாத்தான் தண்ணி."

"பஸ்ல ரெண்டு மணி நேரந்தானுங்களே?"

"ஆமா. பஸ்ஸு போனா."

பேச்சு அத்துடன் முடிந்தது. பேருந்து வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய நாள். மறியல் ஏதோ பெரிய ஊர்களில்தான் நடக்கும், மலைப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று ரெஜினாவின் அப்பா நினைத்துவிட்டார். ரெஜினாவுக்கு இருபத்திரண்டு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். கல்வராயன் மலையில் இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் முதல் வேலை. அந்த விடுதியில் சமைப்பவள்தான் பச்சையம்மாள். களமருதூர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் ஆறு வருடம் மாவாட்டிவிட்டு மலைக்குப் போனவள். ஊருக்கு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கூடையை அவிழ்த்துப் பார்த்து, நமத்துப்போன அவலைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவாளாம். விடுதிப் பிள்ளைகள் அதற்கு 'பச்சையம்மா வூடு' என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் பேருந்து நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, நடத்துநர் உள்ளே வந்து கையைத் தட்டினார்.

"எல்லாம் எறங்குங்க. பின்னால ரோட்டுல புளியமரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம். கள்ளக்குறிச்சிக்கும் போவ முடியாது, மேலயும் வண்டி ஏறாது. டிப்போவுல நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"எப்ப எடுப்பாங்க?"

"கேக்குறத குடுத்தா எடுப்பாங்க. என்னியக் கேட்டா?"

பெரும்பாலோர் கச்சிராயபாளையத்துக்கே திரும்பி நடந்தார்கள். பச்சையம்மாள் கூடையைத் தலையில் தூக்கி வைத்தாள். ரெஜினாவின் டிரங்குப் பெட்டியை அடிவாரத்துக் கடையில் வைத்துவிட்டு, விடுதிக்கென்று வாங்கிய புது பிளாஸ்டிக் வாளியையும் துணிப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மலைக்காரர்கள் ஏறும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, இருட்டுவதற்குள் போய்விடலாம்.

அந்தப் பாதையில் அவர்களோடு ஏறிய இன்னொருவர் சின்னராசு. மலை ஊரைச் சேர்ந்தவர். கீழே தங்கை வீட்டில் விட்டிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டு வயது. இத்தனூண்டு உடம்புக்குப் பெரியநாயகி என்று பெயர். காலையிலிருந்தே அவளுக்குத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. பேருந்தில் இரண்டு முறை. பாதையில் நான்கு முறை. நண்பகலில் ஓர் ஓடைக்கரையை அடைந்தபோது குழந்தை அழுதது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

"கடைசியா எப்பய்யா ஒண்ணுக்குப் போனா?"

"ராத்திரி போனதுதான்க்கா."

"கீழ எறங்குனா வண்டி இல்ல. மேல ஏறுனா இன்னும் மூணு மணி நேரம். இவளுக்கு இப்பவே தண்ணி உள்ள போவணும்." அவள் ஓடையைப் பார்த்தாள். முதல் நாள் மழையில் ஓடை செம்மண் கரைசலாக ஓடியது. "டீச்சரு, கூடையப் பிரி."

புது வாளியின் வாயில் பழைய வேட்டியை நான்காக மடித்துக் கட்டித் தண்ணீரை வடித்தார்கள். தேத்தாங்கொட்டையைச் சொரசொரப்பான கல்லில் இழைத்து, அந்த விழுதை வாளியில் கலக்கி வைத்தாள் பச்சையம்மாள். சின்னராசு பாறை இடுக்குகளில் மழை படாத சுள்ளிகளைத் தேடிக் கொண்டுவந்தார். அதிலும் பாதி ஈரம். கற்பூரத்தில் பாதிக்கு மேல் கொளுத்திய பிறகே தீ பிடித்தது. அதற்குள் வாளியில் மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. அதைத் தூக்குச்சட்டியில் மொண்டு கொதிக்க வைத்தார்கள். தளதளவென்று கொதித்து அடங்கியதும் சட்டியை இறக்கி, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, மூன்று விரலால் கிள்ளி உப்புப் போட்டாள்.

"டீச்சரு, இத ஆத்து. வெதுவெதுன்னு வந்ததும் கூப்புடு. நான் அந்தப் பக்கம் போயி கொஞ்சம் வெறவு பாக்குறேன்."

ரெஜினா துணியால் விசிறினாள். குழந்தை முனகியது. சின்னராசு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் வைத்துப் பார்த்தாள், சுட்டது. இன்னும் விசிறினாள். இன்னும் சுட்டது. குழந்தையின் தலை அப்பாவின் தோளிலிருந்து சரிந்தது. ரெஜினாவின் கை தானாகப் பக்கத்து வாளிக்குப் போயிற்று. தெளிந்த தண்ணீரில் இரண்டு டம்ளர் மொண்டு சட்டியில் ஊற்றி விளாவினாள். தினமும் குளிக்க வெந்நீர் விளாவுகிற கை. சூடு என்றால் அந்தக் கைக்கு வேறு வழி தெரியாது. சட்டியைத் தொட்டாள். சரியான வெதுவெதுப்பு.

பச்சையம்மாள் விறகோடு வந்தாள். "அதுக்குள்ளயா ஆறிடிச்சி?"

"மலைக்காத்து இல்லியாக்கா," என்றார் சின்னராசு. அவர் கவனிக்கவில்லை.

பச்சையம்மாள் குழந்தையை மடியில் வாங்கி, கரண்டியில் மொண்டாள். அந்த நொடியில்தான் ரெஜினாவுக்கு உறைத்தது. கொதிக்காத தண்ணீர். சுகாதாரப் பாடத்தைத் தமிழிலும் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாள், ஆங்கிலத்திலும் வாங்கியிருந்தாள். கைக்கு மட்டும் எந்த மொழியும் போய்ச் சேரவில்லை. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: சொன்னால் சட்டி முழுவதையும் கொட்ட வேண்டும். கற்பூரம் கொஞ்சம்தான் மிச்சம், விறகு ஈரம், நேரம் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு டம்ளர்தானே, தெளிந்த தண்ணீர்தானே. அப்படி வாயை மூடிக்கொண்டு எத்தனையோ இடங்களைக் கடந்து வந்தவள் அவள். வகுப்பில், வீட்டில், விருந்தாளிகள் முன்னால்.

கரண்டி குழந்தையின் உதட்டைத் தொட்டது.

"குடுக்காதீங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எதிர்ப் பாறையில் பட்டு அது திரும்பி வந்தது.

"நான் விளாவிட்டேன்க்கா. வாளித் தண்ணிய ஊத்தி."

சின்னராசுக்கு முகம் மாறியது. "இன்னாம்மா டீச்சரு நீ..."

"நீ செத்த சும்மா இருய்யா." பச்சையம்மாள் கரண்டியைக் கீழே கவிழ்த்தாள். குழந்தையின் உதட்டைத் துடைத்தாள். சட்டியைத் தூக்கி அப்படியே ஓடையில் கொட்டினாள். வெல்லமும் போயிற்று. பிறகு ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா சத்தமாத்தான் பேசுற. பஸ் ஸ்டாண்டுல இன்னாத்துக்கு அப்புடி முழுங்குன? ஊது, அடுப்ப ஊது."

மிச்சக் கற்பூரம் அத்தனையும் அடுப்புக்குள் போயிற்று. கண் எரிய எரிய ரெஜினா ஊதினாள். அலகால் சுள்ளியின் ஈரப் பட்டையைச் சீவிச் சீவி சின்னராசு உள்ளே தள்ளினார். தீ நிலைத்து எரிந்தது. வாளியில் மிச்சமிருந்த தெளிந்த தண்ணீரைச் சட்டியில் மொண்டு ஏற்றினார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பச்சையம்மாள் சொன்னாள்.

"எங்கூர்ல ஏரி ஒடைஞ்ச வருசம், ரெண்டு நாளு கோயில் மண்டபத்துல கெடந்தோம். கெணத்துலயும் வெள்ளம். தேத்தாங்கொட்ட இழைச்சி நானேதான் தெளிய வெச்சேன். கண்ணாடி மாதிரி இருந்திச்சி டீச்சரு. கண்ணாடி மாதிரி இருந்தா போதும்னு எங்க வூட்டுக்காரருக்கு மொண்டு குடுத்தேன். நாலாம் நாளு வாந்திபேதியில போயிட்டாரு. எங்கிட்ட அன்னிக்கு ஒரு நெருப்புக்குச்சி இல்ல."

தண்ணீர் கொதித்தது.

இந்த முறை ஆற்றுவதற்கு ரெஜினாவுக்கு ஒரு வழி தோன்றியது. வாளியைக் காலி செய்து, ஓடையில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, சட்டியை மூடியோடு அதில் கழுத்துவரை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளித்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வாளித் தண்ணீரை இரண்டு முறை மாற்றியதும் ஆறிவிட்டது. பொட்டலத்தின் அடியில் ஒட்டியிருந்த கடைசி வெல்லத்தைச் சுரண்டிப் போட்டு உப்பையும் சேர்த்தார்கள். பச்சையம்மாள் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். முதல் இரண்டைக் குழந்தை கக்கியது. "கக்கு கக்கு, நீ கக்குனா நான் உட்டுடுவனா," என்று மறுபடியும் கொடுத்தாள். பிறகு விழுங்கியது. பிறகு கரண்டியை எட்டிப் பிடித்தது.

வெயில் எதிர்ச்சரிவுக்கு நகர்ந்திருந்தது. மூன்று மணி இருக்கும். பச்சையம்மாள் திடீரென்று உட்கார்ந்த இடத்திலேயே விறைத்தாள். குனிந்து மடியைப் பார்த்தாள். புடவையில் வெதுவெதுப்பாக ஓர் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"பேஞ்சிட்டா!" என்று கத்தினாள். "யோவ், எம்மேல பேஞ்சிட்டாய்யா உம்பொண்ணு!"

சின்னராசு அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ரெஜினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பச்சையம்மாள் அந்தப் புடவையை ஓடையில் அலசவில்லை. "காயட்டும், இது ஒண்ணும் அழுக்கு இல்ல," என்று அப்படியே எழுந்து நடந்தாள். பொழுது சாயும் முன் மலை ஊர் வந்துவிட்டது. வாசலில் நின்ற தாயைப் பார்த்ததும் பெரியநாயகி கண்ணில் நீர் வர அழுதாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துப் பெரியவர்கள் மூவரும் சிரித்ததில் தாய்க்குக் கொஞ்சம் கோபம்கூட.

மறியல் ஒரு வாரம் நடந்தது. வண்டிகள் ஓடத் தொடங்கியதும் டிரங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. பெரியநாயகி பிறகு அதே பள்ளியில் ரெஜினாவிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தாள்; வாயாடி, இடம் மாற்றி உட்கார வைத்தாலும் பக்கத்திலிருப்பவளோடு பேசுவாள். பச்சையம்மாள் விடுதிச் சமையலில் தொடர்ந்தாள். கூடையை அவிழ்ப்பதும் கட்டுவதும் நிற்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பது மட்டும் நின்றுவிட்டது.

மலைக்கு வந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி அடுக்களையில் ரெஜினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் கூடையைக் கொண்டுவந்து அவள் முன்னால் கவிழ்த்தாள். அடியில் ஒயர் விட்டுப்போயிருந்தது.

"மடத்துல ஒயர்க்கூடை பின்னச் சொல்லிக் குடுப்பாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப எனக்கு ஒண்ணு பின்னிக் குடு டீச்சரு. ரெண்டு சட்டி வெக்கிற அகலத்துக்கு. ஒண்ணு பச்சத் தண்ணிக்கி, ஒண்ணு கொதிச்ச தண்ணிக்கி. நடுவுல மட்டும் ஒரு தடுப்பு வெச்சிப் பின்னிடு."