நான்காம் நபர்

பசிபிக் கடலில் உள்ள அபெமாமா தீவின் பள்ளி ஆசிரியை தியாரெத்திக்கு நாற்பத்தொரு வயதில் பட்டம் தேவைப்பட்டது. பட்டம் இல்லாமல் தலைமை ஆசிரியையாக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இணையவழியில் சேர்ந்தாள். வீட்டில் சிக்னல் கிடையாது. வாரம் இரண்டு நாள் சைக்கிளை மிதித்து, செல்போன் டவருக்கு அடியில் போய் உட்கார்ந்து படித்தாள்.

அங்கேதான் ரஸ்ஸல் அவளைச் சந்தித்தார். இணையத்தில் சேர்ந்து படிப்பவர்களின் அனுபவத்தை ஆராய ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்.

"நல்லதா கெட்டதான்னு சொல்ல வேணாம் டீச்சர். அந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க. என் அபிப்பிராயத்த ஓரமா வச்சுட்டுத்தான் கேக்கறேன்."

அவளிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை. எதிரே தெரிந்த ஊர்க்கூடத்தைக் கைகாட்டினாள்.

"அந்த மனேயபாவுல எங்க குடும்பத்துக்குன்னு ஒரு இடம் இருக்கு சார். கண்ண மூடிக்கிட்டே போய் உக்காந்துருவேன். இந்த வகுப்புல நான் பேசப் பேச குரல் அறுந்து போவுது. 'சரி, அடுத்தவங்க'ன்றார் வாத்தியார். எல்லார் முன்னாடியும் எழுப்பி விரட்டுன மாதிரி இருக்கு."

இரண்டு வருடம் கழித்து, கடைசிப் பாடத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, அதில் பேட்டி கொடுத்துப் பேசுபவரின் அனுபவத்தை விளக்கச் சொன்னார்கள். அது ரஸ்ஸல் எழுதியது. பெயரை மறைத்து, 'நான்காம் நபர்' என்று போட்டு அவளுடைய பேச்சு அச்சாகியிருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: தனிமையின் ஏக்கம்.

மீன் கழுவிக்கொண்டிருந்த கணவன் தெப்வாக்கேயிடம் படித்துக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏக்கமா? உனக்கா? அன்னிக்கு வகுப்பு முடிஞ்சு வந்து சட்டியத் தூக்கி அடிச்சியே!"

இது ஏக்கமல்ல, அவமானம் என்று எழுதி அனுப்பினாள். ஃபெயில். பேராசிரியர் குறிப்பு எழுதியிருந்தார்: 'மாணவி தன் முன்முடிவுகளை ஒதுக்கி வைக்கவில்லை. பேசுபவரின் குரலைக் கேட்கவில்லை.'

பேசியது நான்தான் என்று எழுதினாள். ஆதாரம் கேட்டார்கள். ரஸ்ஸலுக்கு எழுதினாள். பேட்டி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை விதிப்படி அழித்துவிட்டோம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று பதில் வந்தது.

"அவரு எழுதுனதையே திருப்பி எழுதிக் குடுத்துரு. வேலையப் பாரு," என்றான் தெப்வாக்கே.

"அது பொய்யுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

ஒரு வாரம் அவள் டவர் பக்கமே போகவில்லை. அப்புறம் போய் உட்கார்ந்து, நான்காம் நபர் தனிமையில் ஏங்குகிறார் என்று நான்கு பக்கம் எழுதினாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். 'பேசுபவரின் உள்ளத்தைத் தொட்டுவிட்டீர்கள்' என்று பேராசிரியர் பாராட்டியிருந்தார்.

அடுத்த வருடம் தலைமை ஆசிரியை ஆனாள். சான்றிதழை மாட்ட தெப்வாக்கே ஆணியும் சுத்தியலுமாக வந்தான்.

"எங்க மாட்ட?"

"எங்கயும் வேணாம்," என்றாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.